சைக்கிள் மந்திரிப்பு: முதலில் காற்றும் பிரேக்கும், பிறகு தீர்த்தம்

கேள்வி இதுதான்: "எங்கள் ஆலயத்தில் சைக்கிள்களையும் அவற்றை ஓட்டுபவர்களையும் ஆசீர்வதிக்கும் ஒரு வழிபாடு நடத்தலாம் என்று இருக்கிறோம். 70, 80 பேர் வரலாம். எப்படி நடத்துவது, என்னென்ன தயார் செய்வது, எங்கே சொதப்பும்?"

தீர்த்தம் தெளிப்பதற்கு முன் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் இந்த வரிசையை ஒட்டியே அமைத்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத வண்டியை மந்திரித்து, அப்படியே சாலைக்கு அனுப்பினால் அந்தச் சடங்கு செய்த வேலை ஒன்றுமில்லை; ஓட்டுபவருக்குப் பொய்யான தைரியம் கொடுத்ததுதான் மிச்சம்.

இது ஏதோ நவீன மனசுக்குத் தோன்றிய யோசனை அல்ல. 1984-இல் ரோமில் வெளியான கத்தோலிக்க ஆசீர்வாதங்களின் நூல் (தே பெனெதிக்சியோனிபுஸ்) தன் பொது முன்னுரையில், பொருள்களை ஆசீர்வதிக்கும்போதும் திருச்சபை மனத்தில் வைத்திருப்பது அவற்றைப் பயன்படுத்தும் மனிதர்களைத்தான் என்று சொல்கிறது. போக்குவரத்து வாகனங்களுக்கென்று அதில் தனிச் சடங்குமுறையே உண்டு. சைக்கிளுக்கும் அதையே பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய பழைய ரோமன் சடங்கு நூலிலும் வாகன ஆசீர்வாதம் இருந்தது. அந்த மன்றாட்டு, தேரில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பியரைப் பிலிப்பு சந்தித்த நிகழ்ச்சியை நினைவுகூர்கிறது. வழியில் போகிறவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும், போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும் என்பது அதன் பொருள். சீர்திருத்த சபைகளில் பொருளை ஆசீர்வதிப்பது பற்றிப் பலருக்குத் தயக்கம் இருக்கும். அங்கே "சைக்கிள் ஓட்டுவோருக்கான ஜெப ஆராதனை" என்று பெயர் வைத்து, தீர்த்தம் தெளிக்காமல், ஓட்டுபவரின் தோளில் கைவைத்து ஜெபித்தால் போதும். ஏற்பாட்டில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

முன்னுதாரணங்கள் தேவைப்பட்டால், சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல மூன்று போதும். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மக்ரேலியோ ஊரை ஒட்டிய குன்றில் இருக்கும் கிசாலோ மாதா சிற்றாலயம். அந்த மாதாவை 1949 அக்டோபர் 13 அன்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். கோப்பி, பார்த்தாலி போன்ற பந்தய வீரர்களின் வண்டிகள் அங்கே சுவரில் தொங்குகின்றன. 1995 தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் வண்டியும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது, பிரான்ஸின் லாபஸ்தீத் தார்மாஞ்யாக்கில் 1959-இல் சைக்கிள் ஓட்டுவோருக்கென்று அர்ப்பணிக்கப்பட்ட மாதா ஆலயம். மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது: நியூயார்க்கின் தூய யோவான் பேராலயத்தில் 1999 முதல் வசந்த காலத்தில் நடந்துவரும் சைக்கிள் ஆசீர்வாதம். அங்கே வண்டிகளை ஆலயத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வருகிறார்கள், தீர்த்தம் தெளிக்கப்படுகிறது, கடந்த ஆண்டில் சாலையில் இறந்த சைக்கிள்காரர்கள் நினைவுகூரப்படுகிறார்கள், மணிகள் ஒலிக்கின்றன. பாருங்கள், கசார்தெல்லியின் வண்டியும் இறந்தவர்களின் பெயர்களும் இந்த மரபின் நடுவிலேயே இருக்கின்றன. "மந்திரித்தால் விபத்து வராது" என்று யாரும் அங்கே சொல்லவில்லை. நீங்களும் அறிவிப்பில் அப்படி எழுதிவிடாதீர்கள். போன வருஷம் பிள்ளையை விபத்தில் இழந்த ஒரு தாய் அந்த அறிவிப்பைப் படிப்பார்.

இனி வண்டிச் சோதனை. ஒரு வண்டியைப் பார்த்துச் சின்னக் கோளாறைச் சரிசெய்ய சராசரியாக 4 நிமிடம் பிடிக்கும். 80 வண்டி, 3 பேர் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வழிபாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். முடிந்தால் முந்தின நாள் மாலையே பாதியை முடித்துவிடுங்கள். "8 மணிக்குச் சோதனை, 8.30-க்கு வழிபாடு" என்று போட்டால் 20 வண்டிதான் பார்க்க முடியும், மிச்சம் அப்படியே உள்ளே வந்துவிடும். பெரும்பாலான இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான்.

தேவைப்படும் சாமான்கள் அதிகமில்லை: அளவுமானி உள்ள இரண்டு நிற்கும் பம்புகள், 15 மி.மீ. ஸ்பானர் (அச்சு நட்டுக்கு), 8, 9, 10 ஸ்பானர்கள், 4, 5, 6 ஆலன் சாவிகள், ஒரு ஸ்குரூடிரைவர், செயின் எண்ணெய், பழந்துணி, பஞ்சர் ஒட்டும் சாமான். வால்வு விஷயத்தில் கவனம். பழைய பாணி வண்டிகளில் ரப்பர் டியூப் மாட்டிய வால்வு இருக்கும். சிலவற்றில் மோட்டார் வண்டிக்கு இருப்பது போன்றது. பந்தய வண்டிகளில் நுனியைத் திருகித் திறக்கும் ஒல்லி வால்வு. மூன்றுக்கும் பொருந்தும் தலைகள் பம்பில் இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். வால்வு டியூப் ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள். அது இத்துப்போய்க் காற்று இறங்குவதைத்தான் பலரும் பஞ்சர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருக்கும். அந்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. குழந்தை வண்டியையும் பந்தய வண்டியையும் ஒரே அளவுக்கு அடிப்பது தவறு. இறுக்கி அடித்த வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டும் பிரசங்கமும் நடந்தால், நைந்த டயர் நடு ஜெபத்தில் வெடிக்கும். சத்தத்தில் பாதிப்பேர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நூல் தெரிகிற டயர், பக்கச் சுவர் வெடித்த டயர் இரண்டுக்கும் காற்றை அளவோடு வைத்து, வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி.

பிரேக்கில் மூன்று விஷயம் பாருங்கள். லீவரை முழுக்கப் பிடித்தாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது; தொட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது. கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். டயரில் உரசினால் கொஞ்ச நாளில் பக்கச் சுவரை அறுத்துவிடும். கட்டையின் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்த்தால் அது பிரேக் அல்ல, அரம். பிறகு முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் "டொக் டொக்" என்று ஆடினால் ஹேண்டில் கப் இறுக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் கோட்டம் தெரிந்துவிடும். லேசான கோட்டம் பரவாயில்லை. கட்டையில் இடித்து நிற்கும் அளவுக்கு இருந்தால் கடையில் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், ஆலய வாசலில் ஸ்போக்ஸ் கம்பியைத் திருகி விளையாட வேண்டாம். செயினுக்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஊற்றினால் அது தரைக்கும் வெள்ளை உடைக்கும் போகும். அதைவிட மோசம், ரிம்முக்குத் தெறிக்கும்.

சோதித்த வண்டிக்கு ஒரு நாடா கட்டுங்கள். பச்சை: ஓட்டலாம். மஞ்சள்: வீடு போகலாம், இந்த வாரத்துக்குள் இன்னது பார்க்க வேண்டும். சிவப்பு: இன்று உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சிவப்பு நாடா வண்டியும் வரிசையில் நிற்கட்டும், ஆசீர்வாதமும் பெறட்டும். வழிபாட்டுக்குப் பிறகு போகும் ஊர்வலத்தில் மட்டும் ஓட்டக் கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் ஒலிபெருக்கியில் அதைச் சொல்லாதீர்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்.

நாடாவை எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டில் கட்டுங்கள். ஹேண்டிலில் தொங்கவிடும் ரிப்பன், பூச்சரம், ஜெபமாலை எல்லாம் படத்துக்கு அழகாக இருக்கும். முன் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் சட்டென்று பூட்டி, ஓட்டுபவர் தலைகுப்புறப் போவார். அலங்காரம் வேண்டுமென்றால் நிறுத்தி வைத்த வண்டிக்குச் செய்து, ஏறுமுன் கழற்றிவிடுங்கள். நினைவுப் பதக்கம் கொடுப்பதாக இருந்தால் சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி கொடுங்கள். ஸ்போக்ஸில் எதுவும் வேண்டாம்.

இடம். ஒரு வண்டி ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம், ஹேண்டில் 60 செ.மீ. அகலம். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதால் ஒரு வண்டிக்கு 1.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம் கணக்கு வையுங்கள். 80 வண்டிக்கு 200 சதுர மீட்டரை ஒட்டி வரும், வழிப்பாதைகள் தனி. நல்ல அமைப்பு: இரண்டிரண்டு வரிசைகளாக, முன்சக்கரங்கள் எதிரும் புதிருமாக, நடுவே குருவானவர் நடக்க ஒன்றரை மீட்டர் பாதை. ஓட்டுபவர் தன் வண்டிக்கு இடப்பக்கம் நிற்கட்டும், செயின் வலப்பக்கம் இருப்பதால். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோடு இல்லாவிட்டால் எல்லாரும் பீடத்தை நோக்கி நெருக்கியடித்து, ஹேண்டில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒற்றைக் கால் ஸ்டாண்டை மண் தரையில் நம்பாதீர்கள். ஒன்று அமிழ்ந்து சாய்ந்தால் வரிசையே சீட்டுக்கட்டாகச் சரியும். எல்லாரும் தங்கள் வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்கட்டும், முதியவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டு, வண்டியைப் பிடிக்க ஓர் இளைஞரை விடுங்கள்.

ஆலயத்துக்குள்ளே வைப்பதா, முற்றத்திலா? 30 வண்டிக்குள் என்றால் உள்ளே வைக்கலாம், வண்டி உருண்டு பீடம்வரை வருவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. வாசலில் இரண்டு பேர் ஈரத்துணியால் டயரைத் துடைக்க வேண்டும். படிக்கட்டில் பலகை போட வேண்டும். பெஞ்சில் சாய்த்தால் பெடல் மரத்தைக் கீறிவிடும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதற்கு மேல் கூட்டம் என்றால் முற்றம்தான். மின்சைக்கிள்களை உள்ளே வைத்துச் சார்ஜ் போட யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

வழிபாடு 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள், குழந்தைகள் 20-ஆவது நிமிடமே பெல் அடிக்கத் தொடங்குவார்கள். தொடக்கப் பாடல், ஒரு சிறு வரவேற்பு, வாசகம், ஐந்து நிமிட மறையுரை, ஆசீர்வாத மன்றாட்டு, தெளித்தல், இறந்தோர் நினைவு, விசுவாசிகள் மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த ஜெபம், முடிவாசி. வாசகங்களுக்குப் பஞ்சமில்லை. எசேக்கியேல் முதல் அதிகாரத்துச் சக்கரங்களைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள்; சக்கரத்துக்குள் சக்கரம் என்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் விளக்காமல் வாசித்தால் யாருக்கும் புரியாது. போக்கையும் வரத்தையும் காக்கும் கர்த்தரைப் பாடும் 121-ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 8-இல் பிலிப்புவும் எத்தியோப்பியரும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்குத் தோபித்து 5-ஆம் அதிகாரம், வழித்துணையாக வரும் வானதூதர் ரபேல், இன்னும் பொருத்தம். என் தெரிவு லூக்கா 10, நல்ல சமாரியன். சாலையில் அடிபட்டுக் கிடப்பவனைத் தாண்டிப் போவதா நிற்பதா என்பதைவிட நேரடியான சாலைப் பாடம் வேதத்தில் இல்லை.

மன்றாட்டை வண்டிக்கு மட்டும் எழுதிவிட வேண்டாம். உங்கள் சபையின் நூலில் உள்ளதைப் பயன்படுத்துங்கள், சொந்தமாக ஒன்று சேர்க்க இடமிருந்தால் இப்படி இருக்கலாம்: "எங்கள் வழிகளையெல்லாம் அறிந்த ஆண்டவரே, இந்த வண்டிகளில் ஏறிச் செல்வோரை ஆசீர்வதியும். அவர்கள் கண்ணுக்கு விழிப்பும் கைக்கு நிதானமும் தாரும். பெரிய வண்டி ஓட்டுகிறவர் சிறிய வண்டியைக் கண்டுகொள்ளவும், சிறிய வண்டியில் போகிறவர் நடந்துபோகிறவருக்கு வழிவிடவும் மனம் தாரும். வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துசேரட்டும். வராமல் போனவர்களை உம்மிடம் வைத்துக்கொள்ளும். அவர்களுக்காக வாசலில் நின்றவர்களைத் தாங்கிக்கொள்ளும். ஆமென்." இதில் ஓட்டுபவரின் பொறுப்பும் அடுத்தவரின் பொறுப்பும் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். அது இல்லாத மன்றாட்டு தாயத்தாக மாறிவிடும்.

தீர்த்தம் எவ்வளவு? 80 வண்டிக்கு இரண்டு லிட்டர் தாராளம். தெளிகோலால் ஓட்டுபவர் மேலும் ஹேண்டில், சட்டத்தின் மேலும் படுகிற மாதிரி ஒரு வீச்சு. செம்பில் அள்ளி ஊற்றுவது உற்சாகமாக இருக்கும். ஆனால் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது, அடுத்த கால் மணியில் ஊர்வலம் வேறு இருக்கிறது. பழைய முறையில் உப்பு சேர்த்து மந்திரித்த தீர்த்தம் என்றால் செயினும் ஸ்போக்ஸும் துருப்பிடிக்காமலிருக்க அன்று மாலையே துடைத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய் பூசும் வழக்கம் உள்ள சபைகளில் அதை ஓட்டுபவரின் நெற்றியோடு நிறுத்துங்கள். ரிம்மிலோ டிஸ்க் தட்டிலோ ஒரு விரல் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும். மெழுகுவர்த்தியும் அதே காரணத்துக்காகத் தள்ளியே இருக்கட்டும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆசி என்றால் ஆளுக்கு 15 விநாடி; 80 பேருக்கு 20 நிமிடம். இரண்டு பேர் இரண்டு வரிசையில் போனால் பத்து நிமிடத்தில் முடியும். நேரம் போதாவிட்டால் பொது மன்றாட்டும் நடந்துகொண்டே தெளிப்பதும் போதும். ஆனால் குழந்தைகளையும், சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவர்களையும் பெயர் கேட்டு ஆசீர்வதிப்பது நல்லது. மூன்று சக்கர வண்டி, சக்கர நாற்காலி, குழந்தையின் தள்ளுவண்டி எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். வேறு மதத்தவர் வந்தால் என்ன மதம் என்று கேட்காமல் வரிசையில் நிறுத்துங்கள். தெளிக்க வேண்டாம் என்பவர் பெல்லில் கைவைத்துக்கொண்டால் அவரைத் தாண்டிப் போகலாம் என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

இறந்தோர் நினைவை அவசரப்படுத்தாதீர்கள். பெயர்களைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, உச்சரிப்பையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இறந்த விதத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பெயர் போதும். முன்வரிசையில் ஆள் இல்லாத ஒரு வண்டியை நிறுத்துங்கள். விபத்து நடந்த இடத்தில் வெள்ளை வண்ணம் பூசிய சைக்கிளை நிறுத்தும் வழக்கம் 2003-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதே வெள்ளை இங்கும் பொருந்தும். ஒரு நிமிட மௌனம். "இப்போது யாரும் பெல் அடிக்க வேண்டாம், முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அடிக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குழந்தைகள்கூட அடங்கி நிற்பார்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு 80 பெல்களும் ஆலய மணியும் ஒன்றாக ஒலிக்கும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். பேச்சு எதுவும் அதற்கு மேல் எடுபடாது.

நாள் தேர்வில் குழப்பம் இருந்தால் ஐ.நா. 2018-இல் அறிவித்த உலக சைக்கிள் தினமான ஜூன் 3-ஐ ஒட்டிய ஞாயிறு ஒரு வழி. பள்ளி திறக்கும் வாரம் இன்னொன்று. வெயிலோ மழையோ கடுமையாக இருக்கும் பருவம் என்றால் விட்டுவிடுங்கள்.

பிறகு ஊர்வலம். 3 முதல் 5 கிலோமீட்டர், மணிக்கு 10-12 கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் வேண்டாம். காவல் துறையிடம் முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். 15, 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் பம்பும் முதலுதவிப் பெட்டியும் வைத்த ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது என்பது போல, முதல் ஆளை யாரும் முந்தவும் கூடாது. பையன்களிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். 10 வயதுக்குட்பட்டவர் பக்கத்தில், வாகனங்கள் போகும் பக்கமாக, ஒரு பெரியவர் ஓட்டட்டும். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும், தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். கிளம்பியதும் முதல் பத்து மீட்டரை வளாகத்துக்குள்ளேயே, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி ஓட்டச் சொல்லுங்கள். ரிம் ஈரமும் கொஞ்சம் குறையும், கோளாறும் அங்கேயே தெரியும். குருவானவர் அங்கியோடு ஏறி முன்னே போவது படத்துக்கு அழகு, செயினுக்கும் மிகப் பிடித்த துணி அதுதான். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறட்டும்.

மஞ்சள், சிவப்பு நாடா கட்டிய வண்டிகளின் பட்டியலை, என்ன கோளாறு என்ற குறிப்போடு, ஒருவர் பொறுப்பில் வையுங்கள். காணிக்கை எடுப்பதாக இருந்தால் அதில் ஒரு பகுதியை அந்த வண்டிகளின் டயருக்கும் பிரேக் கட்டைக்கும் ஒதுக்கி, அடுத்த ஞாயிறு அவற்றை மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள். பம்பையும் 15 ஸ்பானரையும் அன்றைக்கும் வாசலில் வைத்திருங்கள்.